பாலத்துக்கு எதுக்குங்க கூரை?

அமெரிக்காவுல வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் ஆத்துக்கு குறுக்கால ஒரு நீளமான மாட்டுக்கொட்டாய தூக்கி வச்ச மாதிரி மரப்பாலங்கள் இருக்கும், போட்டோவுல பாத்திருப்பீங்க. ரெண்டு பக்கமும் பலகைச் சுவர், மேல கூரை. ஜனங்க நனையாம போகத்தான் கூரைன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். குதிரை தண்ணிய பாத்து மிரளாம இருக்கன்னு சிலர் சொல்வாங்க, பனி சேராம இருக்கன்னு சிலர். பனி கதைதான் காமெடி, ஏன்னா அந்தக் காலத்துல குளிர்காலத்துல சறுக்கு வண்டிதான், கூரைக்கு அடியில பனி இல்லன்னா அது ஓடாது, அதனால ஆள் வச்சு வெளியேருந்து பனிய அள்ளி பாலத்துக்குள்ள கொட்டினாங்க!

கூரை மரத்துக்குங்க. பாலத்தோட பாரத்த தாங்குறது தரை இல்ல, ரெண்டு பக்கச் சுவருக்குள்ள ஒளிஞ்சிருக்குற டிரஸ்ஸு (truss), அதாவது கட்டைகள ஒண்ணோட ஒண்ணு பூட்டிச் செஞ்ச பெரிய சட்டம். மரத்த உளுத்துப்போக வைக்கிற பூஞ்சைக்கு ஈரம் வேணும், மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ இருந்தா அது வளராது. ஆனா ரெண்டு கட்டை சேர்ற மூட்டுல மழைத்தண்ணி பூந்துச்சுன்னா லேசுல காயாது, உள்ளயே மக்க ஆரம்பிச்சிடும். கூரை இல்லாத மரப்பாலம் 10, 20 வருஷம் தாங்குனாலே பெருசு, கூரை போட்டதுல பலது 150 வருஷத்த தாண்டி நிக்குது.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது இத்தியல் டவுன்ங்கறவர் 1820ல பேட்டன்ட் வாங்குன டிசைன். மூங்கில் தட்டி மாதிரி பலகைகள சாய்வா குறுக்கும் நெடுக்கும் போட்டு, வெட்டிக்கிற எடத்துலல்லாம் ஓட்டை போட்டு ஓக் மர ஆணி அடிச்சு இறுக்கிடுவாங்க. ஆணின்னா சின்னது இல்ல, ரெண்டு இன்ச் தடிமன், கிட்டத்தட்ட உலக்கை சைஸ். ஒரு பலகை போனாலும் பக்கத்துல உள்ளது பாரத்த வாங்கிக்கும்.

சரி, கூரைதான் இருக்கே, அப்புறம் ஏன் கெட்டுப்போகுது? பெரும்பாலும் சீக்கு வர்றது ரெண்டு முனையிலயும்தான், அதாவது டிரஸ்ஸோட அடியில நீளவாக்குல ஓடுற அடி உத்திரம் கரையில இருக்குற கல்கட்டு மேல உக்கார்ற எடம். வண்டி டயர்ல ஒட்டுன சேறு, மழைத்தண்ணி எல்லாம் வாசல் வழியா உள்ள வந்து அங்கதான் போய் சேரும். மேல பாத்தா மரம் கல்லு மாதிரி தெரியும், கூரான ஊசிய குத்துனா பொதபொதன்னு உள்ள போகும். உளி வைக்காம உள்ள பாக்கணும்னா மெல்லிய டிரில் ஊசிய விட்டு, எந்த ஆழத்துல அது லேசா சுத்துதுன்னு கிராஃப் எடுப்பாங்க, லேசா சுத்துற எடம் உளுத்த எடம்.

ரிப்பேர்னா கெட்டத மட்டும் வெட்டிட்டு புதுச போட்டா முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. அடி உத்திரம் எப்பவும் இழுவிசையில இருக்கு, அப்படியே அறுத்தா பாலமே தொங்கிடும். அதனால மொதல்ல அடியில முட்டு கொடுத்து, ஜாக்கி வச்சு மொத்த பாலத்தையும் கொஞ்சம் கொஞ்சமா தூக்கணும். அவசரப்பட்டா பழைய மூட்டுங்க பிளந்துக்கும். பாரம் முட்டு மேல எறங்கினப்புறம் மர ஆணிகள தட்டி வெளிய எடுத்து, நல்ல மரம் வர்ற வரைக்கும் அறுத்து, புதுக் கட்டைய ஒட்டுப் போடுவாங்க. பக்கத்துப் பக்கத்து கட்டைகளோட ஒட்டு ஒரே எடத்துல வரக்கூடாது, செங்கல் அடுக்குற மாதிரி மாத்தி மாத்தி வரணும். கடைசியா உத்திரத்துக்கு அடியில தனியா ஒரு தடிக்கட்டை வைப்பாங்க, ஈரம் வந்தா மொதல்ல அது சாகட்டும்னு.

சில எடத்துல இந்த வம்பே வேணாம்னு தரைக்கு அடியில இரும்பு பீம் கொடுத்துடறாங்க. வண்டி பாரமெல்லாம் இரும்பு மேல, டிரஸ் சும்மா கூரைய மட்டும் தூக்கிட்டு நிக்கும். செலவு, பாதுகாப்பு எல்லாம் புரியுது, ஆனா எனக்கென்னவோ அது பாலத்த பொம்மை ஆக்குறதுதான். நியூ ஹாம்ப்ஷயரையும் வெர்மான்ட்டையும் சேர்க்குற, 1866ல கட்டுன கார்னிஷ்-வின்ட்சர் பாலம், 449 அடி நீளம், தொய்ஞ்சு கெடந்தத 1989ல சரி பண்ணப்போ பலகைகள ஒட்டி அழுத்தி செய்யற குளூலாம் மரத்த உத்திரத்துக்கு போட்டாங்க. அசல் மரம் இல்லதான், ஆனா மரம்தானே பாரம் தூக்குது, இன்னைக்கும் அது மேல கார் போகுது.

கூரையால ஒண்ணுமே பண்ண முடியாத எதிரி வெள்ளம். 2011 ஆகஸ்ட் 28, ஐரீன் புயல், வெர்மான்ட் பார்டன்ஸ்வில்ல 1870ல கட்டுன பாலம். டிரஸ்ஸுல பெருசா கோளாறு இல்ல, வெள்ளம் கரைக்கட்ட அரிச்சிடுச்சு, உக்கார எடம் போனதும் பாலம் முழுசா ஆத்துல சரிஞ்சு போச்சு. அந்த வீடியோவ உலகமே பாத்துச்சு. ஊர்க்காரங்க அங்க கான்கிரீட் பாலம் கட்டிட்டு போயிருக்கலாம். கட்டல. அதே தட்டி டிசைன்ல, மர ஆணி அடிச்சு, கூரையும் போட்டு 2013ல தெறந்துட்டாங்க.