மாத்திரை உடலுக்குள் என்னவாக மாறியது?

இதய வால்வின் இதழ் மிக மெல்லியது. ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்து, மறுகணமே இதழோடு இதழ் பொருந்தி மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை. பிரான்சில் 'மீடியாட்டர்' மாத்திரை சாப்பிட்டுவந்த சிலருக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, அந்த இதழ்கள் வெளுத்துத் தடித்து விறைத்துக் கிடந்தன. விறைத்த இதழ்கள் நடுவில் சேராது. அந்தச் சந்து வழியே ரத்தம் வந்த திசைக்கே கசியும். முதலில் படியேறினால் மூச்சு வாங்கும், முற்றினால் படுத்தாலே வாங்கும்.

செர்வியர் நிறுவனம் 1976இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மருந்து இது. உடல் பருமனுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கென்று அனுமதி பெற்றது. எடை குறைந்தால் போதும் என்று வந்தவர்களுக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2009இல் நிறுத்தப்படும்வரை சுமார் 50 லட்சம் பேர் இதைச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இதன் பொதுப்பெயர் பென்ஃப்ளூரெக்ஸ். 'ஒரெக்ஸ்' என்று முடியும் பெயரைப் பசியடக்கும் மருந்துகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் ஒதுக்கி வைத்திருக்கிறது. உண்மை பெயரிலேயே இருந்தும் இத்தனை ஆண்டுகள் யாரும் உரக்கக் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

உள்ளே போன மாத்திரையை உடல் உடைக்கிறது. அதில் கிடைக்கும் பொருள்களில் ஒன்று நார்ஃபென்ஃப்ளூரமின். ஃபென்ஃப்ளூரமின் என்ற பசியடக்கும் மருந்து உடைந்தாலும் இதுதான் வரும். அந்த மருந்து வால்வைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997இலேயே சந்தையை விட்டுப் போய்விட்டது. மீடியாட்டர் மட்டும் சர்க்கரை மருந்து என்ற பெயரில் தங்கிவிட்டது.

வால்வு செல்களின் மேல் 5-எச்டி2பி என்றொரு ஏற்பி உண்டு. அழைப்பு மணி மாதிரி. உடலே சுரக்கும் செரடோனின் என்ற வேதிப்பொருள் வந்து அழுத்தினால் 'வளர்' என்ற செய்தி உள்ளே போகும். நார்ஃபென்ஃப்ளூரமினும் அதே மணியை அழுத்தும்; மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் மணி ஓயவே ஓயாது. செல்கள் பெருகி, நார்ப்பொருளைச் சுரந்து, இதழின் மேல் பூச்சுப் பூசினாற்போல் படியவைக்கும். செரடோனினை அளவில்லாமல் சுரக்கும் கார்சினாய்டு கட்டிகளிலும் மருத்துவர்கள் இதே மாதிரி வால்வைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ரத்தம் இதயத்தின் இடப்பக்கம் வருமுன்பே நுரையீரல் செரடோனினைப் பெரும்பாலும் அழித்துவிடுவதால் பாதிப்பு வலப்பக்கத்தோடு நிற்கும். இங்கோ இடப்பக்க வால்வுகள்தான் அதிகம் அடிபட்டன.

பிரெஸ்ட் நகரின் நுரையீரல் மருத்துவர் இரேன் ஃப்ரஷோன் 2007இல் சந்தேகப்பட்டார். பழைய நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டி, வால்வு கசிந்தவர்களில் யார் யார் இதைச் சாப்பிட்டார்கள் என்று பார்த்தார். வயதானால் வால்வு கசிவது சகஜம் என்று கடந்துபோயிருக்கலாம், அவர் போகவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குப் பல குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன.

2019இல் பாரிசில் விசாரணை தொடங்கியபோது வழக்காடியவர்கள் நான்காயிரத்துக்கும் மேல். மருந்தின் உண்மையான தன்மையை நிறுவனம் மறைத்ததா என்பதே மையக் கேள்வி. மறைத்தது என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கடும் ஏமாற்றுதலோடு, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றமும் உறுதியாகி, நிறுவனத்துக்கு 27 லட்சம் யூரோ அபராதம். உரிய காலத்தில் மருந்தைத் தடுக்காத அரசு மருந்துக் கண்காணிப்பு அமைப்புக்கும் அபராதம் விழுந்தது. 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் தண்டனையைக் கூட்டியது.

இன்று புதிய மருந்துகளை ஆய்வகத்தில் சோதிக்கும்போதே இந்த மணியை அழுத்துகின்றனவா என்று பார்த்துவிடுகிறார்கள். ஃபென்ஃப்ளூரமினும் திரும்பி வந்திருக்கிறது. டிராவே எனும் கடும் வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு, குறைந்த அளவில். 2020இல் அமெரிக்கா அனுமதித்தபோது, சிகிச்சைக்கு முன்பும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ எடுத்து வால்வைப் பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது.