'மலிவு விலை வீடு' அல்ல, 'கட்டுப்படியாகும் வீடு'

'அஃபோர்டபிள் ஹவுசிங்' என்பதை 'மலிவு விலை வீடு' என்று எழுதிய மொழிபெயர்ப்பு ஒன்றை நேற்றும் படித்தேன். எத்தனை முறை பார்த்தாலும் மனம் ஒப்பவில்லை.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'அஃபோர்ட்' பழைய ஆங்கிலத்தில் 'செய்து முடித்தல்' என்ற பொருளில் இருந்து, பிறகு 'செலவைத் தாங்க முடிதல்' ஆனது. நம் 'மலிவு' மலிதல் வழி வந்தது. மிகுதல், நிறைதல் என்று பொருள். சரக்கு மிகுந்தால் விலை இறங்கும் அல்லவா?

ஆக, மலிவு என்பது பொருளின் விலையைச் சொல்கிறது. கட்டுப்படி என்பதோ வாங்குபவரின் கையையும் சேர்த்துப் பார்க்கிறது. 'மலிவுதான், ஆனாலும் எனக்குக் கட்டுப்படியாகாது' என்று நாம் பேசுகிறோமே! அந்த ஆங்கிலச் சொல்லும் இதைத்தான் குறிக்கிறது. அமெரிக்காவில் குடும்ப வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்கினால் அது கட்டுப்படியாகும் வீடு. ஒரே வாடகை ஒருவருக்குக் கட்டுப்படியாகும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகாது. அதனால்தான் இந்த வீடுகளைப் பெற வருமான வரம்பு வைக்கிறார்கள்: பொதுவாக, வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்) 80 சதவீதம் வரை 'குறைந்த வருமானம்', 50 சதவீதம் வரை 'மிகக் குறைந்த வருமானம்'. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து இது மாறும். வெறும் மலிவு என்றால் வரம்பு எதற்கு? மலிவான பொருளை யாரும் வாங்கலாமே.

கட்டுவதும் மலிவாக அல்ல. அதே சிமெண்ட், அதே கூலி. மானியமும் வரிச் சலுகையும்தான் இடைவெளியை நிரப்புகின்றன. 'மலிவு' என்றதும் தரம் குறைந்த கட்டடம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட வீடுகளை ஓர் ஊர் பெருக்க நினைக்கும்போது, அக்கம்பக்கத்தாரின் அச்சத்துக்கு இந்தச் சொல்லே தீனி போடுகிறது.

'மலிவு எல்லாருக்கும் புரியும்' என்பார்கள். கட்டுப்படியாகாது என்பது யாருக்குப் புரியாது? சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் 'கட்டுப்படியான விலை' இயல்பாகப் புழங்குகிறது. 'வாங்கத்தக்க வீடு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அப்போது வாடகைக்கு இருப்பவர் எங்கே போவார்?

அப்புறம், வருமான வரம்பை 'வருமானக் கட்டுப்பாடு' என்று எழுதுவது. யாருடைய சம்பளத்தையும் இங்கே யாரும் கட்டுப்படுத்தவில்லை. அதைவிட மோசம், இடைநிலையைச் 'சராசரி' ஆக்குவது. பள்ளிப் பாடநூலிலேயே 'இடைநிலை அளவு' இருக்கிறது. இலங்கையில் 'இடையம்' என்பார்கள். அகராதியைப் புரட்டக்கூட மொழிபெயர்ப்பாளருக்கு நேரமில்லையா? ஐந்து குடும்பங்களின் ஆண்டு வருமானம் 2, 3, 4, 5, 36 லட்சம் என்று வையுங்கள். இடைநிலை 4 லட்சம், சராசரி 10 லட்சம். 80 சதவீத வரம்பை இடைநிலையில் போட்டால் இரண்டு குடும்பங்கள்தான் தகுதி பெறும். சராசரியில் போட்டால் நான்கு.