கிட்டாரின் பாஸ் எங்கே வடிந்துபோகிறது?

வீட்டிலேயே பதிவு செய்ய எந்த அக்கூஸ்டிக்-எலக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிராண்டு, விலை, மரம் எல்லாம் இருக்கட்டும். அதற்கு முன் சேடிலுக்கு, அதாவது கிட்டாரின் உடலில் தந்திகள் அமர்ந்திருக்கும் சிறு குச்சிக்கு, அடியில் ஒளிந்திருக்கும் மெல்லிய பட்டையைப் பற்றித் தெரிந்துகொள்வோம். பெரும்பாலான அக்கூஸ்டிக்-எலக்ட்ரிக் கிட்டார்களில் அதுதான் பிக்கப், அதாவது அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பாகம்.

அது பீசோ பட்டை. அழுத்தினால் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றும். இந்தப் பண்பைப் படிகங்களில் 1880-இல் கண்டறிந்தவர்கள் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக்கும். இதனால் என்ன லாபம் என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இருந்திருக்காது. ஆய்வுக்கு நிதி ஒதுக்குபவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. தந்தி அதிரும்போது சேடில் பட்டையை அழுத்துகிறது, தளர்த்துகிறது. மின்னூட்டமும் அதே தாளத்தில் கூடிக் குறைகிறது. காந்தம் தேவையில்லை என்பதால் நைலான் தந்திக்கும் இது வேலை செய்யும்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மின்சுற்றைப் பொறுத்தவரை இந்தப் பட்டை ஒரு குட்டி மின்தேக்கி. அதன் மின்தேக்குதிறன் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். தோன்றிய மின்னூட்டம், கேபிள் போய்ச் சேரும் கருவியின் உள்ளீட்டு மின்தடை வழியே உடனே வடியத் தொடங்கும். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போலத்தான். அதிர்வு வேகமாக இருந்தால் வடிவதற்குள் அடுத்த அழுத்தம் வந்துவிடும். மெதுவாக இருந்தால் குடம் நிரம்புவதே இல்லை. மெதுவான அதிர்வுதான் பாஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி. முதலில் அடிபடுவதும் அதுதான்.

எங்கே அடிபடும் என்பதைக் கணக்கிடலாம். 2 பை, மின்தடை, மின்தேக்குதிறன் மூன்றையும் பெருக்கி, அதனால் 1-ஐ வகுத்தால் எல்லை அதிர்வெண் கிடைக்கும். 10 கிலோ ஓம் லைன் உள்ளீட்டில் செருகினால் எல்லை சுமார் 15,900 ஹெர்ட்ஸ். கிட்டார் ஒலியின் கனம் முழுவதும் போய், தகரச் சத்தம்தான் மிஞ்சும். ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டாருக்கென்று இருக்கும் 1 மெகா ஓம் உள்ளீட்டில் எல்லை 159 ஹெர்ட்ஸ். ஆறாம் தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணோ 82 ஹெர்ட்ஸ், ஆகவே அதில் பாதிக்கும் மேல் இங்கேயும் இழப்பாகிறது. 10 மெகா ஓம் என்றால் எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், கவலை தீர்ந்தது. கிட்டாரின் பக்கவாட்டில் 9 வோல்ட் பேட்டரியோடு இருக்கும் சிறு முன்பெருக்கியான ப்ரீஆம்ப்பின் முதல் வேலை இந்த வடிதலைத் தடுப்பதுதான். ஈக்யூ (பாஸ், ட்ரெபிள் அளவுகளைக் கூட்டிக் குறைப்பது), டியூனர் எல்லாம் பிறகு. ப்ரீஆம்ப் இல்லாத பாஸிவ் பிக்கப் என்றால், 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட வெளி ப்ரீஆம்ப் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த கேபிள் போட்டால் தொனி மாறும் என்பது இந்த இடத்தில் மூடநம்பிக்கை. பாஸிவ் பீசோவில் கேபிளின் மின்தேக்குதிறன் ஒலியின் அளவைத்தான் குறைக்கும், ட்ரெபிளை, அதாவது உயர்ந்த சுருதி ஒலியை, வெட்டாது. ப்ரீஆம்ப் இருந்தால் அந்தப் பாதிப்பும் கிட்டத்தட்ட இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பீசோ ஒலியில் பிளாஸ்டிக் போன்ற ஒரு செயற்கைத்தன்மை ஒட்டிக்கொண்டே இருக்கும். காரணம், பட்டை உணர்வது சேடிலில் விழும் விசையை. நம் காது கேட்பது மேற்பலகையும் உள்ளே இருக்கும் காற்றும் ஒத்ததிர்ந்து அறைக்குள் பரப்பும் ஒலியை. அதனால் அமைதியான அறை உள்ளவர்களுக்கு என் பரிந்துரை இது: பணத்தை ஒட்டுப்பலகை அல்லாத, முழு மரத்தில் செய்த மேற்பலகைக்குச் செலவழியுங்கள், மைக்கில் பதியுங்கள். பிக்கப்பைப் பிறகு கூடப் பொருத்தலாம். பெரிய ட்ரெட்நாட் உடலைவிடச் சிறிய உடல் மைக்கில் அடங்கி ஒலிக்கும். மைக்கைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே சுமார் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் குழியின் ஒத்ததிர்வு முழங்கும். தெருச்சத்தம் ஓயாத வீடென்றால் பிக்கப்பும் ப்ரீஆம்ப்பும்தான் முக்கியம்.

வாங்கும்போது கட்டாயம் செருகிக் கேளுங்கள். ஈக்யூவை நடுவில் வைத்து ஆறு தந்திகளையும் ஒரே விசையில் மீட்டுங்கள். ஒன்று மட்டும் அமுங்கினால் சேடிலின் அடிப்பகுதியோ அதன் பள்ளமோ சமமாக இல்லை என்று சந்தேகிக்கலாம். பிறகு பலமாக அடித்துப் பாருங்கள். ஒலி கரகரத்தால் ப்ரீஆம்ப் தாங்கவில்லை, அல்லது பேட்டரி தீர்கிறது. பெரும்பாலான கிட்டார்களில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

மைக், பிக்கப் இரண்டையும் சேர்த்துப் பதிபவர்கள் ஒரு தாமதத்தைக் கவனிக்க வேண்டும். ஒலி 30 செ.மீ. கடக்க 0.87 மில்லி விநாடி ஆகும். பிக்கப்புக்கு அந்தத் தாமதம் இல்லை. இரண்டையும் அப்படியே கலந்தால் 570 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒலி மெலியும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) மைக் டிராக் 42 சாம்பிள் சீக்கிரம் தொடங்கும்படி நகர்த்துங்கள். பிறகு ஒரு டிராக்கின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அதன் அலையைத் தலைகீழாக்கிப் பார்த்து, எந்த நிலையில் பாஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.