சொல் விளக்கம்: களைப்பாய் மேல் ஒரு தவளை

அக்காள் மகன் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் இருக்கிறான். சனி, ஞாயிறு வந்தால் தூண்டிலும் கையுமாகக் குளக்கரையில்தான் கிடப்பான். அவன் அனுப்பும் மீன்பிடிக் காணொளிகளில் இப்போது தமிழ் எழுத்தும் ஓடுகிறது. போன வாரம் வந்ததில், பச்சைப் பசேலென்று மூடிக்கிடக்கும் குளத்தின் மேல் ஒருவர் ரப்பர் தவளையை வீசுகிறார். கீழே இப்படி ஓடுகிறது: ‘களைப்பாய் மீது தவளையை மெல்ல இழுக்கவும்.’

தவளைக்கு என்ன களைப்பு என்று இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. களை, பாய். ஆங்கிலத்தில் ‘வீட் மேட்’. அடுத்த வரி இன்னும் மேல்: ‘களையற்ற கொக்கியைப் பயன்படுத்துக.’ ஆங்கிலத்தில் ‘வீட்லெஸ் ஹுக்’. முகத்தில் களையில்லாத பெண்ணைப் பார்த்திருக்கிறேன், களையில்லாத கல்யாண வீட்டையும் பார்த்திருக்கிறேன். களையில்லாத கொக்கியை இப்போதுதான் பார்க்கிறேன்.

இயந்திரம் செய்தது, போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்து, மனிதர் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்த தூண்டில் கையேடு ஒன்று மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. அதிலும் களைக்குளம், களைப்படுக்கை, களையோரம். தொலைபேசியில் கேட்டேன். “அகராதில அப்படித்தான் சார் இருக்கு” என்றார். இருக்கிறது, மறுக்கவில்லை. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் மொழிபெயர்ப்பு என்றால் அதற்கு மனிதர் எதற்கு?

சொல்லின் வேரை முதலில் முடித்துவிடுவோம். களைதல் என்றால் பிடுங்கி நீக்குதல். களையப்படுவது களை. வள்ளுவர் 550ஆம் குறளில் கொடியவரை அரசன் தண்டிப்பதைப் பைங்கூழில் ‘களைகட்டதனொடு’ ஒப்பிடுகிறார். அங்கே களைகட்டல் என்பது களை பறிப்பது. இன்று ‘திருவிழா களைகட்டியது’ என்கிறோமே, அது முகக்களையின் களை, வேறு சொல். பாசி பசுமையிலிருந்து வந்தது. பாசிப்பயறு, பாசிமணி எல்லாம் அந்தப் பச்சைதான். ஆங்கில ‘வீட்’ பழைய ஆங்கிலத்தில் ‘வேயோட்’ என்று இருந்த சொல். அவ்வளவுதான்.

இனி வழக்குக்கு வருகிறேன். களை என்பது ஒரு செடியின் பெயரே அல்ல. அது செடியின் மேல் ஒருவர் சொல்லும் தீர்ப்பு. நெல் வயலில் முளைத்த கோரை களை. அதே கோரை வாய்க்கால் கரையில் நின்றால் கோரை, பாய் முடைய அறுத்தால் சரக்கு. பிடுங்க ஒரு கை இல்லாத இடத்தில் களை என்ற சொல்லுக்கு வேலை இல்லை. தூண்டில்காரர் எதையும் பிடுங்க வரவில்லை. அவர் அந்தப் பச்சையைத் தேடிக்கொண்டு வருகிறார். அது இல்லாத குளத்தைப் பார்த்தால் அடுத்த குளத்துக்கு வண்டியைத் திருப்புகிறார். தான் தேடிப் போகும் பொருளைக் களை என்று யாராவது அழைப்பார்களா?

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. வயலில் வீட் என்றால் வேண்டாத செடி. தண்ணீரில் வீட் என்றால் பெரும்பாலும் தண்ணீரில் வளரும் பச்சை, திட்டு எதுவும் இல்லை. கடலில் வளர்வதை அவர்கள் ‘சீவீட்’ என்கிறார்கள். அதற்கு நாம் கடற்களை என்றா சொல்கிறோம்? கடற்பாசி என்கிறோம். ராமேசுவரம், மண்டபம் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மூழ்கி மூழ்கிப் பெண்கள் எடுத்துவருவது பாசி. ‘பாசி எடுக்கப் போறோம்’ என்பார்களே தவிர, களையெடுக்கப் போவதாக ஒருத்தியும் சொல்லமாட்டாள். இந்த ஒரு சொல்லை நினைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கையேட்டுக்காரருக்கு வழி தெரிந்திருக்கும்.

இன்னொரு சான்று வேண்டுமா? குறுந்தொகை 399. ஊரார் தண்ணீர் எடுக்கும் துறையில் திரண்ட பாசியைப் போன்றது பசலை, காதலர் ‘தொடுவுழித் தொடுவுழி நீங்கி, விடுவுழி விடுவுழி’ பரந்துவிடும் என்கிறார் பரணர். தொட்ட இடத்தில் விலகும், விட்ட இடத்தில் மறுபடி மூடும். அந்தக் காணொளியில் ரப்பர் தவளை போன தடத்தைப் பாருங்கள். இழுக்க இழுக்கப் பாசி விலகி ஒரு கோடு விழுகிறது, தவளை கடந்ததும் மெல்லச் சேர்ந்துகொள்கிறது. இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வளவு துல்லியமாகப் பார்த்துச் சொன்ன மொழியில், அதே காட்சிக்குக் ‘களைப்பாய்’!

பாசி என்பது தாவரவியலில் ஆல்காவைத்தானே குறிக்கும், அமெரிக்கக் குளத்து ஹைட்ரில்லா பூக்கும் செடியாயிற்றே என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக் குழாய் வைத்து, குமிழ் குமிழாக ஆக்சிஜன் வருவதைக் காட்டினார்களே, அந்த ஹைட்ரில்லாதான் இது. ஆசிரியர் எங்களைக் குளத்துக்கு அனுப்பியபோது “போய்ப் பாசி புடுங்கிட்டு வாங்கடா” என்றுதான் சொன்னார், நாங்களும் சரியானதைத்தான் கொண்டுவந்தோம். ஆல்காவைப் பாசி என்று கட்டிவைத்தது பிற்காலக் கலைச்சொல் வேலை. ஊரில் பாசி இரண்டுக்கும் பொது. பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் அடியிலிருந்து தண்டுவிட்டு வளர்வதைக் கொடிப்பாசி என்றும், மேலே பஞ்சாக மிதப்பதை நூல்பாசி என்றும் சொல்லிவிட்டுப் போகலாம். அல்லியும் தாமரையும் பாசியில் சேராது. அவற்றுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது, அதையே எழுதலாம்.

இந்த ஹைட்ரில்லா நம் பக்கத்துச் செடி என்பது இன்னொரு வேடிக்கை. 1950களில் மீன்தொட்டி அலங்காரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போனது, தொட்டியைத் தாண்டி ஆற்றிலும் ஏரியிலும் இறங்கிப் பரவிவிட்டது. இங்கேதான் எதிர்க்கட்சிக்கு ஒரு புள்ளி கொடுக்கவேண்டும். மதகு அடைத்துப் படகு நகராமல் நிற்கும்போது ஏரி நிர்வாகத்துக்கு அது களைதான். நம் ஊரில் ஆகாயத்தாமரையை இயந்திரம் வைத்து அள்ளும்போது ‘நீர்க்களை’ என்று அரசு அறிக்கையில் எழுதுகிறார்களே, அது மிகச் சரி. பிடுங்குகிற கை இருக்கிறது, களை என்ற சொல்லும் இருக்கலாம். டெக்சாஸில் கான்ரோ ஏரியில் 1980களின் தொடக்கத்தில் ஹைட்ரில்லாவை ஒழிக்க இரண்டரை லட்சத்துக்கும் மேல் புல்கெண்டை மீன்களை விட்டார்கள். ஓரிரு ஆண்டில் பாசி துடைத்தாற்போலப் போயிற்று. தூண்டில்காரர்கள் கொதித்தார்கள். ஒரே ஏரி, ஒரே செடி, ஒரு தரப்புக்குக் களை, மறு தரப்புக்கு மீனின் வீடு. மொழிபெயர்ப்பவர் யார் வாயிலிருந்து பேசுகிறோம் என்று பார்க்கவேண்டாமா?

மீனின் வீடு என்று சும்மா சொல்லவில்லை. மேலே பாய்போலப் பரந்து கிடக்கும் பாசிக்கு அடியில் பெரும்பாலும் வெற்று நீர்தான், பந்தலுக்குக் கீழே இருக்கும் நிழல்போல. உச்சிவெயிலில், அமெரிக்கத் தூண்டில்காரர்கள் தேடும் பாஸ் மீன் அங்கே பதுங்கி நிற்கும். குஞ்சு மீனோ தவளையோ மேலே அசைந்தால் பாசியைப் பிளந்துகொண்டு பாயும். அதனால்தான் அந்த ரப்பர் தவளை. அதன் இரண்டு முள்ளும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டிக் கிடக்கும், பாசி மாட்டாது. மீன் கவ்வினால் உள்ளே வெறும் காற்றாக இருக்கும் உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். ‘களையற்ற கொக்கி’யின் சூட்சுமம் இவ்வளவுதான். அதைப் பாசி மாட்டாத் தூண்டில் என்றால் கேட்டவுடன் விளங்கும். கொக்கி என்பதே எனக்கு உறுத்தல். கொக்கியில் சட்டை மாட்டலாம். மீன் மாட்டுவது முள்ளில், தூண்டில் முள்ளில்.

எங்கள் பெரியப்பா விராலுக்குத் தவளை கட்டிப் போடுவார். உயிர்த்தவளை, ரப்பர் அல்ல. ஆம்பல் இலைக்கு நடுவே பாசி கொஞ்சம் விலகிய ஓட்டையாகப் பார்த்து, அதற்கு ஒரு முழம் அப்பால் விழும்படி வீசி, தத்தித் தத்தி ஓட்டைக்குக் கொண்டுவருவார். ஒருநாள் பாசி குபுக்கென்று மேலே எழுந்தது. “பெரியப்பா, இழுங்க!” என்று கத்திவிட்டேன். “சும்மா இருடா, இன்னும் முழுங்கல” என்றார். மூச்சை இரண்டு முறை இழுத்துவிடும் நேரம். பிறகு ஒரே வெட்டு. பாசியோடு சேர்த்து விரால் கரையில் விழுந்தது, முக்கால் கிலோ இருக்கும். அலபாமாக் காணொளிக்காரரும் இதையேதான் சொல்கிறார்: தண்ணீர் வெடித்தவுடன் இழுக்காதே, கயிற்றில் பாரம் தெரியட்டும். பெரியப்பாவுக்கும் களை என்ற சொல் தெரியும். வயலுக்குக் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும்போது மட்டும் அது வாயில் வரும்.

விராலைச் சொன்னதும் நினைவு வருகிறது. அந்தக் கையேட்டில் பாஸ் மீனைச் சில இடத்தில் ‘விரால்’ என்றும், சில இடத்தில் ‘கொடுவா’ என்றும் போட்டிருக்கிறார். விரால் குணத்தில் பங்காளி, குலத்தில் இல்லை. கொடுவா கடலிலும் கழிமுகத்திலும் திரிவது, ஓட்டல் பட்டியலில் ‘சீ பாஸ்’ என்று போடுவதால் வந்த வினை. இதுவாவது மீன். தானியங்கி மொழிபெயர்ப்பு ஒன்று ‘லார்ஜ்மவுத் பாஸ்’ என்ற மீன்பெயரில் பாஸை சங்கீதத்தின் கீழ்ச்சுருதியாக எடுத்துக்கொண்டு ‘பெரிய வாய் அடித்தொனி’ ஆக்கியிருந்ததைப் பார்த்தேன், சங்கீதக் கச்சேரிக்குத்தான் டிக்கெட் எடுக்கவேண்டும். அமெரிக்கர்களின் பெருவாய்ப் பாஸ், அசல் பாஸ் குடும்பமே அல்ல, அது சூரியமீன் குடும்பம். முதுகுத் துடுப்பின் முள்ளைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்த பெயரை எந்தெந்த மீனுக்கோ சூட்டிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தைத் தமிழில் ஏன் சுமக்கவேண்டும்? பாஸ் மீன் என்றே விடலாம். ஜப்பானியர் 1925இல் ஆஷி ஏரியில் இந்த மீனைக் கொண்டுவந்து விட்டார்கள், பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அது ‘பாசு’. தனித்தமிழ்ப் பக்கம் சாய்கிறவன்தான் நான். ஆனாலும் நம்மிடம் இல்லாத மீனுக்குப் பெயரைக் கடன் வாங்குவதில் குறைச்சல் இல்லை. நம் குளம் நிறைய இருக்கும் பாசிக்கு அகராதியிலிருந்து களையைக் கடன் வாங்குவதுதான் குறைச்சல்.

ஆக, என் திருத்தம் இப்படிப் போகிறது. களைக்குளம் என்பது பாசி மண்டிய குளம். களைப்பாய் என்பது பாசிப்போர்வை. களையோரம் என்பது பாசி விளிம்பு, பாஸ் மீன் காலையிலும் அந்தியிலும் உலவுகிற இடம் அது. கனத்த ஈயக்குண்டைக் கட்டிப் போர்வையைக் கிழித்து இரையை உள்ளே இறக்குவதைக் ‘களைக் குத்துச்சண்டை’ என்று எழுதியிருக்கிறார், ஆங்கிலத்தில் அதற்குப் ‘பஞ்சிங்’ என்று பெயர். அதைப் பாசியில் துளைபோடுதல் என்று மாற்றினேன், முழுத் திருப்தி இல்லை. ‘நீர்த்தாவரம்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சாகப் பூசிவிடலாமே என்றார் அலுவலக நண்பர். பாடப்புத்தகத்தில் பூசலாம். முழங்கால் சேற்றில் நிற்பவன் ‘அந்த நீர்த்தாவரத்துக்குப் பக்கத்துல போடு’ என்று சொல்வானா?

பட்டியலை அக்காள் மகனுக்கும் அனுப்பினேன். பதில் வந்தது: “மாமா, இங்க தெக்கத்திப் பக்கம் வீட்னு யாரும் அவ்வளவா சொல்றதில்ல. கிராஸ்னுதான் சொல்வாங்க.” புல்! தூண்டில் பிடிக்கிற அமெரிக்கனே கைவிட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு இங்கே ஒருவர் கையேடு முழுக்கக் களை விதைத்திருக்கிறார். முப்பத்தேழு இடம். இருபத்தொன்றைப் பிடுங்கியாயிற்று.