வெள்ளைப்படுதல், டேட் தள்ளிப்போறது: சொல் விளக்கம்

நீலகிரில கூடலூர்ல இருந்து கோத்தகிரி வரைக்கும் எந்த தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுல கேட்டாலும் "வெள்ளப்படுது"ன்னு தான் சொல்வாங்க, ஆஸ்பத்திரி சீட்டுல மட்டும் அது ஒயிட் டிஸ்சார்ஜ், இல்லன்னா லூக்கோரியா. பேரப் பாத்து பயப்பட ஒண்ணுமில்ல, கிரேக்கத்துல லூக்கோஸ்னா வெள்ளை, ரோயான்னா ஒழுகறது, டயரியா கடைசில வர்ற ரியாவும் இதே தான். டாக்டர் எழுதுறதும் பாட்டி சொல்றதும் ஒண்ணு, ரெண்டுமே கலரத்தான் சொல்லுது, என்ன நோய்னு சொல்லல.

சிக்கலே அங்க தான். நோயே இல்லாத கசிவுக்கும் இதே பேரு, மூணு நாலு விதமான தொற்றுக்கும் இதே பேரு. வயசுக்கு வந்த பொண்ணுக்கு தெளிவாவோ பால் வெள்ளையாவோ கொஞ்சம் கசியறது இயல்பு, முட்டை வெளியாகுற நாட்கள்ல வழுவழுன்னு நூல் மாதிரி இழுபடும், அப்புறம் கெட்டியாகும், கர்ப்பமா இருக்கறப்ப இன்னும் கூடும். இதுக்கு மருந்தே வேண்டாம். அரிப்போட திரிதிரியா தயிர்க்கட்டி கணக்கா வந்தா பெரும்பாலும் பூஞ்சை, கேண்டிடான்னு சொல்வாங்க. சாம்பல் கலர்ல தண்ணியா மீன் வாடை அடிச்சா அது பாக்டீரியா சமநிலை கெட்டது. மஞ்சளோ பச்சையோ நுரையோட வந்தா டிரைக்கோமோனாஸா இருக்கலாம், அதுக்கு வீட்டுக்காரரும் சேந்து மாத்திரை போட்டாத்தான் தீரும், இல்லன்னா திரும்பத் திரும்ப வரும். அதனால நர்ஸம்மா கேக்கறப்ப "வெள்ளப்படுதுங்க"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாம என்ன கலரு, வாடை இருக்கா, அரிக்குதா, அடிவயிறு வலிக்குதான்னு சேத்து சொல்லுங்க.

நாட்டு வைத்தியத்துல இதுக்கு வெள்ளை, வெட்டைன்னு பேரு. வெட்டைன்னா சூடுன்னும் அர்த்தம் உண்டு, அதான் ஊட்டில ஜனவரி மாசம் புல்லுல உறைபனி கெடக்கறப்பவும் "உடம்பு சூடு, அதான் படுது"ன்னு ஒருத்தராவது சொல்லிடுவாங்க 😄 ஆனா மேகவெட்டைன்னா கொனோரியாங்கற பால்வினை நோய், ரெண்டையும் குழப்பி பொண்ண சந்தேகப்படுற வீடும் இருக்கு, அது அநியாயம். சூட்ட விட நம்ம பக்கம் பாக்க வேண்டியது ஈரத்த. ஜூன்ல மழை புடிச்சா துணி காயவே காயாது, அரை ஈர உள்ளாடையோட நாள் பூரா கொழுந்து பறிச்சா பூஞ்சைக்கு கொண்டாட்டம் தான். இன்னொண்ணு, உள்ள சோப்பு டெட்டால்லாம் போட்டு கழுவவே கூடாது, அங்க இருக்கற நல்ல பாக்டீரியா செத்துரும்.

தமிழ்ல எழுதணும்னா வெள்ளைப்படுதலே போதும், எல்லா கலருக்கும் பொதுவா வேணும்னா யோனிக்கசிவு. சிலர் எழுதற "வெளியேற்றம்" எனக்கு பிடிக்கல, ஏதோ ஃபேக்டரி கழிவு மாதிரி இருக்கு.

இப்ப பீரியட்ஸ். இதுவும் கிரேக்கம் தான், பெரின்னா சுத்தி, ஹோடோஸ்னா வழி, சுத்தி வர்ற பாதைன்னு பொருள். மென்சஸ் லத்தீன்ல மாசத்தக் குறிக்கிற சொல்லு. நம்ம சொல்லுங்கள்ல பாதி ஒதுக்கி வெக்கிறதப் பத்தியே பேசுது, மாதவிலக்கு, தீட்டு, தூரம். புறநானூறு 299லயே முருகன் கோயில்ல "கலந்தொடா மகளிர்" மாதிரி குதிரைங்க ஒதுங்கி நின்னுச்சுன்னு வருது, பாத்திரத்தத் தொடாத பொண்ணுங்கன்னா யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. நீலகிரி படுகர் மக்களோட ஹட்டிகள்ல, அதாவது ஊர்கள்ல, முன்ன தீட்டு நாளுக்குன்னு ஹொலகுடின்னு தனிக்குடிசை இருந்திருக்கு. நம்ம பால் அங்க ஹாலு, பட்டி ஹட்டி, அதே கணக்குல புலை தான் ஹொல, அசுத்தம்னு அர்த்தம். மாதவிடாய்ல அந்த ஒதுக்கல் இல்ல, விடாய்னா தாகம், களைப்பு. தொல்காப்பியத்துல வர்ற பூப்பு இன்னும் அழகு, ஆனா இப்ப அது முதல் தடவ வயசுக்கு வர்றதுக்குன்னு ஆயிருச்சு.

இர்ரெகுலர் பீரியட்ஸுக்கு சீரற்ற மாதவிடாய்னு எழுதலாம், பேச்சுல "டேட் தள்ளிப்போச்சு". இதுல நெறைய பேரு தேதி மாறுனாலே இர்ரெகுலர்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல. ரத்தம் பட்ட முதல் நாள்ல இருந்து அடுத்த முதல் நாள் வரைக்கும் எண்ணணும், 21ல இருந்து 35 நாளுக்குள்ள வந்தா சரி. வயசுக்கு வந்து மூணு வருஷம் ஆகாத புள்ளைங்களுக்கு 45 நாள் வரைக்கும் போகலாம், அதுக்குள்ள கசாயம் காய்ச்சி குடுத்து பயமுறுத்த வேண்டாம். கல்யாணமானவங்களுக்கு தள்ளிப்போனா முதல்ல கர்ப்பமான்னு சிறுநீர்ல பாக்கற கார்டு டெஸ்ட், அடுத்து தைராய்டு, பி.சி.ஓ.எஸ்.ங்கற ஹார்மோன் கோளாறு, திடீர்னு எடை ஏறுனது எறங்குனது, மன உளைச்சல், பால் குடுக்கறது, கர்ப்பத்தடை ஊசி, நாப்பது தாண்டுனவங்கன்னா மாதவிடாய் நிக்கப்போற காலம்னு டாக்டர் ஒவ்வொண்ணா பாத்துட்டு வருவாங்க. கர்ப்பம் இல்லாம மூணு மாசம் வரலன்னா கட்டாயம் காட்டணும். பெரும்பாடுன்னு ஒரு பழைய சொல் இருக்கு, அளவுக்கு மீறி ரத்தம் போறது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைஞ்சுகிட்டே இருந்தா பஸ்ஸுக்கு நிக்காம 108க்கு போன் பண்ணுங்க.

கசிவுலயும் பீரியட்ஸ்லயும் நான் பயப்படுறது இதுக்குத்தான். உறவுக்கு அப்புறம் ரத்தம், நாள் இல்லாத நாள்ல சொட்டு, ரத்தம் கலந்த நாத்தமான கசிவு, மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் படுறது, இதுல எது இருந்தாலும் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும். 30 வயசு தாண்டுனவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே அசிட்டிக் ஆசிட் தடவி பாக்கற விஐஏ டெஸ்ட் காசில்லாம செய்றாங்க, ஒண்ணும் தொந்தரவு இல்லன்னாலும் பாத்துக்கலாம், பீரியட்ஸ் நாள்ல மட்டும் போகாதீங்க, பாக்க முடியாது.