பிள்ளை முந்தும், பெற்றோர் பிந்துவர்

வேறொரு நாட்டில் குடியேறும் குடும்பம் ஒன்றாகத்தான் போய் இறங்குகிறது. அந்த நாட்டுக்குப் பழகுவதோ ஆளுக்கொரு வேகத்தில். அதிலும் மொழியில் வயதின் பங்கு பெரிது. கொரிய மொழியையோ சீன மொழியையோ தாய்மொழியாகக் கொண்டு அமெரிக்காவில் குடியேறிய 46 பேரின் ஆங்கில இலக்கண அறிவை ஜாக்குலின் ஜான்சனும் எலிசா நியூபோர்ட்டும் சோதித்து, 1989இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏழு வயதுக்குள் வந்தவர்கள் அங்கேயே பிறந்தவர்களுக்கு இணையாக இருந்தார்கள். அதற்குப் பிறகு பருவ வயதுவரை, வந்த வயது கூடக்கூட மதிப்பெண் இறங்கியது. அதையும் தாண்டி வந்தவர்களின் மதிப்பெண் பொதுவாகக் குறைவு, ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

இந்த இடைவெளி வீட்டுக்குள் அதிகாரத்தைப் புரட்டிப்போடுகிறது. மருத்துவர் சொல்வதை அம்மாவுக்கு விளக்குவதும், அரசு அலுவலகக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துச் சொல்வதும் பிள்ளையின் வேலையாகின்றன. தன்மேல் பள்ளி அனுப்பிய புகாரையும் அதே பிள்ளைதான் மொழிபெயர்க்கும். அதில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரின் பேச்சு எடுபடாமல் போவதற்குப் பிள்ளையின் திமிர்தான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் இந்த வேக வித்தியாசம்தான்.

1992இல் சமூகவியலாளர்கள் அலெஹாந்த்ரோ போர்ட்டெஸ், ரூபன் ரும்பாட் இருவரும் அமெரிக்காவின் மயாமியிலும் கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியேகோவிலும் குடியேறியோரின் பிள்ளைகள் 5,000க்கும் மேற்பட்டோரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார்கள். இரண்டு மொழியும் சரளமாகப் பேசிய பிள்ளைகளின் வீடுகளில் பூசல் குறைவு. அவர்களுக்குத் தன்மதிப்பும் படிப்பு ஆசையும் கூடுதல். வீட்டு மொழியை விட்டால்தான் பிள்ளை முன்னேறும் என்ற அறிவுரையை இனியும் யாரும் சொல்லக் கூடாது என்பேன்.

ஆனாலும் எல்லாம் வீட்டின் கையில் இல்லை. குடும்பம் எந்தப் பேட்டையில் குடியேறுகிறது, தோலின் நிறம் என்ன, அரசு எப்படி நடத்துகிறது என்பவையும் பிள்ளையின் வழியைத் தீர்மானிக்கின்றன. 1994இல் கலிபோர்னியா வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் 187ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். ஆவணமில்லாத குடியேறிகளுக்குப் பொதுப்பள்ளியையும் அவசரமல்லாத மருத்துவத்தையும் மறுக்கும் சட்டம் அது. நீதிமன்றம் பின்னர் அதை முடக்கிவிட்டது. ஆனால் 1995-96இல் ஆய்வாளர்கள் அதே சான் டியேகோ மாணவர்களிடம் மறுபடி போனபோது, முன்பு தங்களை ‘மெக்சிகோ-அமெரிக்கர்’ என்று எழுதியிருந்த பலர் இப்போது ‘மெக்சிகர்’ என்று மட்டும் எழுதினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களின் ஆங்கிலம் இன்னும் தேறியிருந்தது.