நீர்ச்சுவடு: வைக்கலுக்குக் கட்டிய தண்ணீர்

வட இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் முதியவர் ஒருவரிடம், அரிவு வெட்டு முடிந்தபின் கிடக்கும் வைக்கலை எரித்து மின்சாரம் எடுப்பதற்கும் ஒரு தண்ணீர்க் கணக்கு உண்டு என்று சொன்னேன். "வைக்கலுக்கு ஆர் தம்பி தண்ணி கட்டினது? நெல்லுக்குத்தானே கட்டினனாங்கள்" என்று அவர் திருப்பிக் கேட்டார். நீர்ச்சுவடு என்னும் சொல்லை அந்தக் கேள்வியிலிருந்தே விளக்கலாம். வைக்கல், உமி போன்ற பயிர் எச்சங்களிலிருந்து பெறும் உயிர்ச்சக்திக்கு, அதாவது எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும், எவ்வளவு நீர் செலவாகிறது என்று ஆராய்பவர்கள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியதும் அதே கேள்விதான்.

ஒரு பொருளை உண்டாக்கும் எல்லாப் படிகளிலும் நுகரப்பட்ட நன்னீரையும், அப்போது உண்டான மாசை ஏற்கத்தக்க அளவுக்கு ஐதாக்க, அதாவது செறிவைக் குறைக்க, தேவைப்படும் நன்னீரையும் கூட்டி வரும் அளவே அப்பொருளின் நீர்ச்சுவடு. இதில் 'நுகர்தல்' என்பதைக் கவனமாகப் பொருள்கொள்ள வேண்டும். வாய்க்கால்வழி வயலுக்கு வந்து, வடிந்து, கீழேயுள்ள குளத்தைச் சேரும் நீர் நுகரப்பட்டதன்று. வயலிலிருந்து ஆவியாகியோ, பயிரின் இலைவழி வெளியேறியோ, விளைபொருளிற் சேர்ந்தோ அந்த வடிநிலத்துக்குத் திரும்பாமற் போன நீரே நுகரப்பட்டது. ஆகவே குளத்தின் துருசு (மதகு) திறந்து விட்ட நீரின் அளவு வேறு, சுவடாகக் கணக்கில் ஏறும் அளவு வேறு.

இக்கருத்தை 2002 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பணியாற்றிய நீரியல் ஆய்வாளர் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா முன்வைத்தார். அதற்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், இலண்டனில் இருந்த புவியியலாளர் டோனி அலன் ஒரு பொருளை விளைவிக்கச் செலவாகி அப்பொருளோடு சேர்ந்து நாடுவிட்டு நாடு செல்லும் நீரைப் பற்றிப் பேசியிருந்தார். தமிழில் அதற்கு 'மறைநீர்' என்ற அழகான சொல் நிலைத்துவிட்டது. சுவடு என்னும் உருவகமோ வேறிடத்திலிருந்து வந்தது. கனடாவில் வில்லியம் ரீஸ் 1992 இல் சூழலியற் சுவடு பற்றி எழுதினார். மேசையில் சிறிதளவு இடத்தையே பிடிக்கும் புதிய கணினி ஒன்றைப் பற்றிய பேச்சே அவருக்கு அச்சொல்லைத் தந்தது. அங்கே அது மனிதரின் நுகர்வுக்கு வேண்டிய நிலப்பரப்பைக் குறித்தது. ஹூக்ஸ்ட்ராவிடம் வந்தபோது பரப்பு மறைந்து கனவளவு ஆயிற்று: தொன்னுக்கு எத்தனை கனமீற்றர், எரிபொருளாயின் கிகாயூலுக்கு (நூறு கோடி யூல் சக்திக்கு) எத்தனை கனமீற்றர் என்பதே இதன் அலகு.

இதற்குத் தமிழில் நீர்த்தடம், நீரடிச்சுவடு, நீர்ச்சுவடு என மூன்று வழக்குகள் உள்ளன. நீர்த்தடம் பரவலாக ஆளப்படுகிறது; அதைப் பிழையென்று தள்ள மாட்டேன். எனினும் 'தடம்' என்ற சொல்லுக்கு வழி, குளம் என்னும் பொருள்களும் உண்டு. குளங்களால் வாழும் வன்னியில் நீர்த்தடம் என்றால் நீர் ஓடும் வழியோ ஏதேனும் ஒரு நீர்நிலையோ என்று மயங்க இடமிருக்கிறது. 'சுவடு' என்பதோ ஆள் போனபின்னும் மண்ணில் எஞ்சும் அடையாளத்தைக் குறிக்கும். ஆவியாகிப் போன நீருக்கு இதுவே பொருத்தம்; இடையில் 'அடி' தேவையில்லை.

நீர்ச்சுவட்டுக்கு மூன்று நிறங்கள் சொல்வார்கள். மழையால் மண்ணில் தங்கிய ஈரம் பச்சை நீர். குளம், ஆறு, கிணறு ஆகியவற்றிலிருந்து எடுப்பது நீல நீர். மாசை ஐதாக்கத் தேவைப்படுவது சாம்பல் நீர். குளியலறை, சமையலறைக் கழிவுநீரையும் சாம்பல் நீர் என்று அழைப்பதால் இம்மூன்றாவது சொல் அடிக்கடி குழப்பம் தருகிறது. உலகச் சராசரியில் ஒரு கிலோ நெல்லின் நீர்ச்சுவடு ஏறக்குறைய 1,670 லீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று மேற்பட்டது பச்சை நீர். வன்னியில் இந்தப் பங்கு போகத்துக்குப் போகம் மாறும். காலபோகம் மாரி மழையில் விளைகிறது. சிறுபோகம் குளத்து நீரை நம்பியது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதையே குளத்தின் நீர்மட்டம் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார்கள். இரு போகத்து வைக்கலும் பார்வைக்கு ஒன்றே, அவற்றின் சுவட்டின் நிறமோ வேறு.

இனி முதியவரின் கேள்வி. ஒரு கிலோ நெல்லோடு ஒரு கிலோ வைக்கல் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைக்கலைக் 'கழிவு' என்று கொண்டால், 1,670 லீற்றரும் நெல்லின் தலையில் விழும். வைக்கலின் சுவடு பூச்சியம். நிறையின்படி பகிர்ந்தால் வைக்கலுக்கு 835 லீற்றர். நெல் கிலோ 100 ரூபா, வைக்கல் கிலோ 5 ரூபா என ஒரு பேச்சுக்குக் கொண்டு விலைப்படி பகிர்ந்தால் ஏறக்குறைய 80 லீற்றர். வயலில் பாய்ந்த தண்ணீர் ஒரு சொட்டும் கூடவோ குறையவோ இல்லை, விடைகள் மட்டும் மூன்று. ஹூக்ஸ்ட்ராவின் முறை விலைப் பங்கையே எடுத்துக்கொள்கிறது. அம்முறையில், நாளை ஒரு மின்நிலையம் வைக்கலை நல்ல விலைக்கு வாங்கத் தொடங்கினால், வைக்கலின் நீர்ச்சுவடு உயர்ந்து அரிசியினுடையது தாழும்.

இதனால்தான் 'பயிர்க்கழிவு' என்ற வழக்கை நான் வன்மையாக மறுக்கிறேன். கழிவு என்று பெயரிட்ட கணத்திலேயே அதற்குத் தண்ணீர் செலவாகவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 'பயிர் எச்சம்' என்பதே தக்க சொல். எஞ்சியது எச்சம், இலக்கணத்தில் பெயரெச்சமும் வினையெச்சமும் முடிக்கும் சொல் ஒன்றை வேண்டி நிற்பதுபோல, வயலில் எஞ்சிய வைக்கலும் இன்னொரு பயனை வேண்டி நிற்கிறது.

வைக்கலையும் உமியையும் சக்தியாக்கும் முறையைப் பொறுத்தும் சுவடு மாறும். புழுங்கல் ஆலைகளில் உமியைக் கொதிகலனுக்குக் கீழே எரிப்பது அதன் வெப்பத்தை நேரே பயன்படுத்துவது. கூடுதலாகச் செலவாகும் நீர் சிறிதே. வைக்கலை நொதிக்கச் செய்து எதனோல் எடுப்பதாயின் பதப்படுத்தல், வடித்தல், குளிர்வித்தல் எல்லாவற்றுக்கும் நீர் வேண்டும், சக்தியில் ஒரு பகுதியும் இடையில் இழக்கப்படும். பயிரின் மாவையோ எண்ணெயையோ மட்டும் திரவ எரிபொருளாக்குவதைவிட, முழு உயிர்த்திணிவையும், அதாவது தண்டு இலை உட்படப் பயிர் முழுவதையும், மின்சாரமாக்குவதே ஓர் அலகு சக்திக்குக் குறைந்த நீரைக் கொள்கிறது என்று ஹூக்ஸ்ட்ராவும் உடனாய்வாளர்களும் 2009 இல் காட்டினர்.

இந்தக் கணக்குக்குள் வராத நீரும் உண்டு. வயலில் விட்ட வைக்கல் மண்ணை மூடி ஈரத்தைக் காக்கிறது. நெற்பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தின் பெரும்பங்கும் அதிலேயே இருக்கிறது. கோடையில் புல் கருகியபின் மாடுகளுக்கு வைக்கற்போரே தீனி. போர் முழுவதும் கொதிகலனுக்குப் போனால் மாட்டுக்கு வேறு புல் வளர்க்க வேண்டும், அதற்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீரை வைக்கல் மின்சாரத்தின் கணக்கில் எழுதுவதா, பாலின் கணக்கில் எழுதுவதா என்பதைக் கணக்கிடுபவர் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.